கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

அரக்கோணம் ஜங்ஷன் வாசலில் வண்டி போடும் வாடகைக் கார் டிரைவர்களுக்கு,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் "சீல் கடை" என்றால் தெரியும். ஆயில் சீல், பேக்கிங், வாஷர், ஹோஸ் விற்றுத்தான் என் குடும்பம் ஓடுகிறது. அப்படிப்பட்டவன் இப்படி ஒரு மடல் எழுதினால் வியாபாரம் என்னாவது என்று வீட்டிலேயே கேட்டார்கள். சீல் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு வந்து வாங்குங்கள் என்கிறேன்.

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, கிராங்க் பின் சீல் ஒண்ணு குடுங்க. கியர்பாக்ஸ் இறக்கியாச்சு."

"எங்கே ஒழுகுது?"

"அடியிலதாண்ணே. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல."

"அது சொட்டுற இடம். ஒழுகுற இடம் எது?"

இதற்குப் பதில் வருவது அபூர்வம். எஞ்சின் ஆயில் கசிகிற இடத்திலேயே சொட்டுவதில்லை. மேல் கவரில் கசிந்தது பிளாக்கின் பக்கவாட்டில் வழியும், போல்ட் தலைகளில் தேங்கும், சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும், கடைசியில் எது தாழ்வான முனையோ அங்கே வந்து சொட்டும். வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று வேறு அதைப் பின்பக்கம் இழுத்துப் பூசிவிடும். திருப்பதி போய்த் திரும்பிய வண்டியை அடியில் பார்த்தால் எல்லா இடமும் ஈரமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒரு சீலின் மேல் பழி போடுவது வெறும் ஊகம்.

அந்த ஊகத்துக்கு ஆகும் செலவு உங்களுக்கே தெரியும். கிராங்க் பின் சீலின் விலை சில நூறு ரூபாய்தான். அதை மாற்ற ஆக்சிலைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் பிளைவீலையும் எடுக்க வேண்டும். கூலி ஆயிரக்கணக்கில் போகும். வண்டி ஷெட்டில் நிற்கிற நாள்களுக்குச் சவாரியும் கிடையாது, தவணை மட்டும் நிற்காது.

ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி.க்கு நோயாளிகளை ஏற்றிப் போகும் வெள்ளை டாக்சி. கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீல் புதிதாகப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே இடத்தில் அதே சொட்டு. டிரைவருக்கு மெக்கானிக் மேல் கோபம், மெக்கானிக்குக் கம்பெனி சீல் மேல் சந்தேகம், இரண்டு பேருக்கும் சேர்ந்து என் மேல் சந்தேகம். பானட்டைத் திறந்து எஞ்சின் தலைக்குப் பின்னால், டேப்பட் கவரின் கியர்பாக்ஸ் பக்க மூலைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினால் எண்ணெயும் புழுதியும் சேர்ந்த களிம்பு அப்பிக்கொண்டு வந்தது. விரல் போகும், கண் போகாது, அப்படியொரு மூலை. செல்போன் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தோம். கவர் பேக்கிங் இறுகி, பிளாஸ்டிக் மாதிரி ஆகி, மூலையில் விண்டிருந்தது. அங்கிருந்து கறுப்பாக ஒரு கோடு நேராகக் கீழே இறங்கி பெல் ஹவுசிங் இணைப்பில் முடிந்தது. அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். முதலிலேயே மேலே இருந்து பார்த்திருந்தால் கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

ஆகவே, தேடும்போது அடியிலிருந்து மேலே போகாதீர்கள். ஈரம் எங்கே எல்லாவற்றுக்கும் மேலாகவும் எல்லாவற்றுக்கும் முன்னாலும் தொடங்குகிறதோ, அங்கிருந்து சந்தேகப்பட ஆரம்பியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. இந்த வண்டியில் கடைசியாக நடந்த வேலை என்ன? ஆயில் மாற்றிய மறுவாரமே கசிவு வந்தால் சீலை விட்டுவிட்டு டிரெயின் போல்ட்டையும் பில்டரையும் பாருங்கள். டிரெயின் போல்ட்டுக்கு ஒரு செம்பு அல்லது அலுமினிய வாஷர் உண்டு. ஒருமுறை இறுக்கினால் நசுங்கித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுமுறை அதே வேலையைச் சரியாகச் செய்யாது. விலை ஒரு டீக்காசு. அதைப் பலர் மாற்றுவதே இல்லை. கசிந்தால் இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கி, அலுமினிய சம்ப்பின் மறையை உரித்துவிட்டு வருகிறார்கள். பில்டரில் வேறொரு கூத்து. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கவனிக்காமல் புதியதை அதன் மேலேயே மாட்டிவிடுவார்கள். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று நிற்காது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

சின்ன வளையம்தானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோவுக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கிளம்பியது. 172 பேர், 3 எஞ்சின். எஞ்சின் ஆயிலில் இரும்புத்தூள் வருகிறதா என்று காட்டும் காந்த முனை ஒவ்வொரு எஞ்சினிலும் உண்டு. முந்தைய இரவு ஷெட்டில் அவற்றைக் கழற்றிப் புதியவை மாட்டினார்கள். அந்த முனையோடு சேர்ந்து வரவேண்டிய ரப்பர் ஓ-ரிங் மூன்று எஞ்சினிலுமே இல்லை. வழக்கமாக ரிங் மாட்டியே தயாராக இருக்கும், அன்று எடுத்த பாக்கெட்டில் இல்லை, யாரும் பார்க்கவில்லை. கடலுக்கு மேலே போகும்போது ஒரு எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கியது, விமானி அதை நிறுத்தித் திருப்பினார். வழியில் மற்ற இரண்டும் நின்றுபோயின. முதலில் நிறுத்திய எஞ்சினையே மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மயாமியில் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். அதை மாட்டியவர்கள் புதுப் பையன்கள் அல்ல, பல தடவை அதே வேலையைச் செய்த கைகள்தான். ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும் ஊரில் இருக்கிறோம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வளையம்தான் ஞாபகம் வரும்.

சரி, கடைசி வேலையில் கோளாறு இல்லை என்றால் அடுத்தது கழுவுவது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. அழுக்கு எஞ்சினில் கசிவைத் தேடவே முடியாது. அதற்காகப் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் கழுவாதீர்கள், ரப்பரும் ஊதிப்போகும், சூட்டில் தீயும் பிடிக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் வயர் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு, எஞ்சின் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ போட்டு பிரஷ்ஷால் தேய்த்து மெதுவாகக் கழுவுங்கள். நன்றாகக் காய விடுங்கள். மழைக்காலத்தில் இரட்டைக்கண் வாராவதித் தண்ணீரில் இறங்கி ஏறினால் அடிப்பக்கம் தானாகவே கழுவப்பட்டுவிடும், கசிவு நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவோரும் உண்டு. நின்றது கசிவு இல்லை, சாட்சிதான் அழிந்தது.

காய்ந்த எஞ்சினில் சந்தேகப்படும் இணைப்புகள் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள், பெல்ட் ஓடும் இடத்தையும் காற்று இழுக்கும் வாயையும் விட்டுவிட்டு. திருத்தணி வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளையில் எண்ணெய் நனைந்த இடம் பழுப்பாகத் தனித்துத் தெரியும். ஒரு ஓட்டத்தில் தெரியாவிட்டால் இரண்டு ஓட்டம். மிக மெல்லிய கசிவுக்கு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிவு தொடங்கும் இடம் பச்சை மஞ்சளாக மினுக்கும். தனி ஆள் வாங்குவது வீண் செலவு. ஸ்டாண்டுக்குப் பொதுவாக ஒரு டார்ச்சும் ஒரு பாட்டில் சாயமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது நான் உங்களிடம் வைக்கும் கோரிக்கை. சங்கத்துக்குக் கட்டும் சந்தாவில் அது ஒரு பொருட்டே இல்லை.

இரவில் வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையைப் போட்டு, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் தெரியும், சொட்டியது என்ன என்பதும் தெரியும். கறுப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாகவும் கந்தக நாற்றமாகவும் இருந்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கும். பச்சையோ ரோஸோ, தொட்டால் தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். நிறமும் மணமும் இல்லாதது ஏ.சி. தண்ணீர். ஏ.சி. தண்ணீருக்குச் சீல் கேட்டு வந்தவரும் உண்டு.

அடுத்து நான் சொல்வது மெக்கானிக்குகளிலேயே சிலருக்குப் பிடிக்காது. கசிகிற இடம் தெரிந்த பிறகும் உடனே சீலை மாற்றாதீர்கள். பிரீதரைப் பாருங்கள்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே, கிராங்க் அறைக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும். அது வெளியேறப் பிரீதர் ஹோஸும் பி.சி.வி. வால்வும் வைத்திருக்கிறார்கள். அந்தப் புகை மறுபடி எஞ்சினே இழுத்து எரித்துக்கொள்ளும் வழியில் போய்விடும். அந்த வழி கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அப்போது சீல் குற்றவாளி அல்ல, அடி வாங்கியவன். புதுச் சீல் போட்டாலும் அதையும் தள்ளும். அது நின்றால் அடுத்த பலவீனமான இடத்தில் ஒழுகும். "மூணு சீல் மாத்திட்டேன், இன்னும் நிக்கல" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகை.

சோதிப்பது சுலபம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. மூடி குதித்து, குபுகுபு என்று புகை வந்தால் ஒன்று பிரீதர் அடைப்பு, இல்லையென்றால் ரிங் தேய்மானம். ஹோஸைக் கழற்றிக் கழுவி, வால்வை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். குதிப்பு நின்றால் அதிர்ஷ்டம், பல சமயம் கசிவும் அதோடு நிற்கும். நிற்காவிட்டால் அது எஞ்சின் வேலை. அதை ஆயில் சீலால் சரிசெய்ய முடியாது, எந்தக் கடைக்காரன் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, சீல்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் தாராளமாக வாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் மணக்கும் பகுதியில் கடை வைத்திருப்பவன் ஒரு பெருமையைச் சொல்லாமல் விடமாட்டான். இந்தச் சுழல் தண்டு ஆயில் சீலின் முன்னோடி ஒன்று பிறந்தது ஒரு தோல் தொழிற்சாலையில். ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் 1849-இல் தொடங்கிய தோல் பதனிடும் நிறுவனம் பிராய்டன்பெர்க். 1929-இல் உலகப் பொருளாதாரம் விழுந்தபோது தோல் வியாபாரம் படுத்தது, கார் எஞ்சின்களுக்குத் தோலால் சீல் செய்ய ஆரம்பித்தார்கள். வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் வடிவமைத்த, உள்ளே சுருள் கம்பி வைத்துத் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம் அவர் பெயரிலேயே 'சிம்மரிங்' ஆனது. முதலில் அதன் உதடு தோல்தான். 1936-இல் செயற்கை ரப்பருக்கு மாறினார்கள். தோலின் குணம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எண்ணெயைக் குடித்து மெத்தென்று இருக்கும், சூடு ஏறினால் சுருங்கி விறைக்கும். சைக்கிள் பம்ப்புக்குள் கிடக்கும் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டியவர்கள் நீங்கள், இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டில் இருக்கும் மூத்தவர்கள் அம்பாசிடர் ஓட்டியவர்கள். உத்தர்பாராவில் 2014-இல் தயாரிப்பு நிற்கும்வரை ஓடிய வண்டி. அதன் பழைய பி.எம்.சி. வழி எஞ்சினில் கிராங்க் பின்முனையில் இந்த ரப்பர் சீலே கிடையாது. தண்டின் மேல் திருகு மறை போல் வெட்டிய பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். நிறுத்திவிட்டால் தள்ள ஆளில்லை, கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அந்தக் காலத்தில் "கார் என்றால் ஒழுகும்" என்று பழகியவர்கள் இன்றைய வண்டியையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது சீல் உள்ள வண்டி, பெரியவரே. சொட்டினால் காரணம் இருக்கிறது.

சீல் மாட்டும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்டில் பழைய சீல் உதடு தேய்த்த கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் மாட்டினால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க வேண்டும், அல்லது தண்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். பெரும்பாலான சீலில் உதட்டுக்கு எண்ணெய் தடவித்தான் ஏற்ற வேண்டும். சில புது வகைச் சீலை வறட்டாக ஏற்றச் சொல்லி அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், அட்டையைக் கிழிக்கும் முன் படியுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு பக்கமாகத் தட்டி இறக்குவதைப் பார்த்தால் தைரியமாகத் தடுங்கள். டேப்பட் கவருக்கு இன்னொரு பேச்சு: போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறுகச் சிறுக இறுக்க வேண்டும், வெறும் கைபலத்தில் அல்ல. அதிகம் இறுக்கினால் கவர் வளைந்து ரப்பர் பிதுங்கி, நேற்று ஒழுகாத மூலை இன்று ஒழுகும். அதை மறைக்க சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசுவார்கள். வெளியே பிதுங்கிய அளவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து போய் சம்ப்பில் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் கசிவைவிடப் பெரிய வியாதி.

கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் வருவதை நானும் விற்கிறேன். அது ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும். இறுகத் தொடங்கிய சீலில் சில மாதம் தாக்குப்பிடிக்கும், விண்ட பேக்கிங்கில் ஒன்றும் செய்யாது. கெட்டி ஆயில் ஊற்றினால் ஒழுகாது என்கிற யோசனை அதைவிட மோசம். மெல்லிய ஆயிலுக்கென்று செய்த எஞ்சினில் கெட்டி ஆயில் டர்போவுக்கும் செயின் டென்ஷனருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் கடகட சத்தம் அதன் புகார்தான்.

எல்லாக் கசிவையும் உடனே சரிசெய்ய வேண்டும் என்பதும் இல்லை. லேசான ஈரம், சொட்டு விழவில்லை, மாதக்கணக்கில் டிப் ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை என்றால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆயில் சைலன்சர் மேனிபோல்டு மேலோ டர்போ மேலோ விழுகிறது என்றால், வண்டிக்குள் கருகல் வாடை வருகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், தீப்பிடிக்கும் வழி அது. டைமிங் பெல்ட்டிலோ கிளட்ச்சிலோ பட்டாலும் அப்படித்தான்.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஸ்டாண்டு முழுக்க இருக்கிறது. "லைட் வரலையே அண்ணே, ஆயில் இருக்கு" என்கிறார்கள். அந்த விளக்கு அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அது எரியும். அப்போது ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க உங்களிடம் நிமிடக் கணக்கில் அவகாசம் இல்லை. அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று ஓட்டியவர்கள் பேரிங்கோடு கிராங்கையும் மாற்றினார்கள். டிப் ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கசிகிற வண்டியாக இருந்தால் தினமும், முதல் சவாரிக்கு முன்.

வடித்த பழைய ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷெட் ஓரத்துக் கால்வாயில் ஊற்றுவதை நிறுத்துங்கள். பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் தோல் கழிவு செய்த கொடுமைக்கு வேலூர் மக்கள் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. தொழிற்சாலைக்காரர்களைத் திட்டுகிற நாம் கழிவு ஆயிலைச் சாக்கடையில் விடுவது எந்த ஊர் நியாயம்? சட்டப்படியும் அது அபாயக் கழிவு. என் கடைக்குப் பின்னால் ஒரு டிரம் வைத்திருக்கிறேன். கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போங்கள். சுத்திகரிப்புக்கு அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக, கழற்றிய பழைய சீலை வீசிவிடாதீர்கள். கடைக்கு எடுத்து வாருங்கள். அதன் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் பொறித்திருக்கும், அளவு தவறாமல் இருக்க அதுவே போதும். அதைவிட முக்கியம் அதன் உதடு. உதடு நகத்தால் அழுத்தினால் வளையாமல் மொறமொறப்பாக இருந்தால் சூட்டிலும் வயதிலும் செத்தது. ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் தண்டு ஆடுகிறது, பேரிங்கைப் பார்க்க வேண்டும். உதட்டில் சின்னக் கீறல் இருந்தால் போன தடவை மாட்டியபோதே வெட்டுப்பட்டிருக்கிறது. சுருள் கம்பி இடத்தில் இல்லாவிட்டால் தட்டி இறக்கியவர் அதைத் தெறிக்க விட்டிருக்கிறார். உதடு மெத்தென்று, தேயாமல், புதுசு போலவே இருந்தால் அந்தச் சீல் ஒழுகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே பானட்டைத் திறப்போம். புதுச் சீலை அட்டை பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள், காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சீல் கடைக்காரன்,
அரக்கோணம்